சாட்சியம் ஓர் அமானிதம்

நம் இல்லங்களில் நிக்காஹ் நடைபெறுங்கால் சாட்சிகள் இருவர் முன்வந்து அமர்கின்றனர். பள்ளிவாசல் பதிவேட்டில் கையொப்பமிடும்போது அவர்தம் முகத்தில் மகிழ்ச்சி தவழ்கிறது. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைத்துக்கொள்ளுமாறும், அதற்குச் சாட்சிகளை ஏற்படுத்திக்கொள்ளுமாறும் திருமறை நம்மைப் பணித்திருப்பதை அறியாதார் இல்லை. அதனை அடுத்தே, சாட்சியத்தை மறைப்பவனின் உள்ளம் பாவத்திற்குள்ளாகிறது என்ற எச்சரிக்கையும் இடம்பெற்றுள்ளது. ஆனால், நள்ளிரவு வேளையில் அண்டை வீட்டுப் பிள்ளை ஒருவனை ஜீப்பில் ஏற்றிச் செல்லும்போது அந்தத் தெருவில் எத்தனை கதவுகள் திறக்கின்றன? எத்தனை சன்னல்கள் ஓசையின்றிச் சாத்தப்படுகின்றன? வாசகப் பெருமக்களே, இவ்வாரம் நாம் சிந்திக்க விரும்புவது அந்தக் கதவுகளைப் பற்றியே.

பரவைக்கு அருகே ஓடும் வைகை, மதுரை மாநகரைக் கடந்து கீழ்த்திசையில் திருப்புவனத்தை அடைகிறது. ஆற்றின் மறுகரையில் உள்ளது மடப்புரம். அங்குள்ள பத்திரகாளியம்மன் கோயிலில் காவலாளியாகப் பணியாற்றிய இளைஞர் அஜித்குமார். கோயிலுக்கு வந்த பெண்மணி ஒருவரின் காரில் இருந்த நகைகள் காணாமற் போயின என்ற புகாரின் பேரில், 2025ஆம் ஆண்டு ஜூன் மாதம் 27ஆம் நாள் அவரை விசாரணைக்கு அழைத்துச் சென்றனர். மறுநாள் அவர் உயிருடன் இல்லை. மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனையில் நடைபெற்ற உடற்கூறு ஆய்வில் அவ்வுடலில் 44 காயங்கள் காணப்பட்டன.

பரவையிலிருந்து விடியுமுன் காய்கறிச் சந்தைக்குப் புறப்படும் ஓர் இளைஞனை, அல்லது இரவுப் பணி முடிந்து மாட்டுத்தாவணியில் பேருந்துக்குக் காத்திருக்கும் ஒருவனை இதே நிலையில் நினைத்துப் பாருங்கள். நகை போன இடத்தில் நின்றிருந்தவன் என்பதன்றி வேறு எதுவும் தேவைப்படவில்லை.

பின்னர் நடந்தவை யாவரும் அறிந்தவையே. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதியரசர்கள் எஸ்.எம். சுப்பிரமணியம், ஏ.டி. மரிய கிளீட் ஆகியோர் இதனை விசாரித்து, மாவட்ட நீதிபதி ஒருவரைக் கொண்டு விசாரணை நடத்துமாறு பணித்தனர். காவலர் ஐவர் கைது செய்யப்பட்டனர். வழக்கு மத்தியப் புலனாய்வுத் துறையிடம் ஒப்படைக்கப்பட்டது. இத்தகைய மரணங்களில் ஆண்டுக்கணக்கில் நடவாதது, இங்கே சில நாட்களில் நடந்தேறியது. காரணம் யாது? கோயிலின் பின்புறத்தில் அவ்விளைஞரைக் காவலர்கள் தாக்கியதை, அருகிலிருந்த கழிப்பறையின் சன்னல் வழியே ஒருவர் தம் கைப்பேசியில் படம் பிடித்திருந்தார். அவர் தலைவரல்லர், வழக்கறிஞருமல்லர். கண்டதைக் காணாததுபோல் விட்டுவிடாத ஒரு சாதாரண மனிதர். பின்னர் தம் உயிருக்கு அஞ்சிப் பாதுகாப்பு வேண்ட நேர்ந்தபோதும், தாம் கண்டதை அவர் மாற்றிக் கூறவில்லை.

இதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன் சாத்தான்குளத்தில் நிகழ்ந்ததையும் இங்கே நினைவுகூர வேண்டும். கொரோனா ஊரடங்கின்போது, குறித்த நேரத்திற்குப் பிறகும் கடையைத் திறந்து வைத்திருந்தார்கள் என்ற குற்றச்சாட்டின் பேரில், 2020ஆம் ஆண்டு ஜூன் 19ஆம் நாள் வணிகர் ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் காவல் நிலையத்திற்குக் கொண்டு செல்லப்பட்டனர். மறுநாள் அரசு மருத்துவமனையில் தகுதிச் சான்று பெறப்பட்டது. குற்றவியல் நடுவர் அவர்களைக் காவலில் வைக்க ஆணையிட்டார். கோவில்பட்டிக் கிளைச் சிறையிலிருந்து மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்ட மகன் 22ஆம் நாள் இரவிலும், தந்தை 23ஆம் நாள் அதிகாலையிலும் உயிர் நீத்தனர்.

சற்று நின்று எண்ணுங்கள். அவ்விருவரும் சிறைக்குச் செல்லுமுன் ஒரு மருத்துவரின் கண்முன் நின்றனர். ஒரு நடுவரின் ஆணைக்கும் உட்பட்டனர். இவ்விரு இடங்களையும் சட்டம் ஏற்படுத்தியிருப்பது எதற்காக? உடலைப் பார்ப்பதற்காக, வாயைத் திறந்து கேட்பதற்காக. சாட்சியாக இருக்க வேண்டிய இரு வாயில்களும் வெறும் தாள்களில் கையொப்பமிடும் இடங்களாகச் சுருங்கிவிட்டால், எஞ்சியிருக்கும் சட்டம் யாருக்குப் பயன்?

மதுரைக் கிளையின் நீதியரசர்கள் பி.என். பிரகாஷ், பி. புகழேந்தி ஆகியோர் தாமாகவே முன்வந்து இதனைக் கையிலெடுத்தனர். விசாரிக்கச் சென்ற கோவில்பட்டி நடுவர் பாரதிதாசனுக்கு அக்காவல் நிலையத்தில் ஒத்துழைப்புக் கிட்டவில்லை, அவமதிப்பே கிட்டியது. கண்காணிப்புக் கருவியில் இடம் போதிய அளவு இருந்தும், பதிவுகள் நாள்தோறும் தாமே அழிந்துவிடும்படி அமைக்கப்பட்டிருந்தன. காவல் நிலையத்தை வருவாய்த் துறையின் பொறுப்பில் கொண்டுவருமாறு நீதிமன்றம் ஆணையிட்டதென்றால், நிலைமை எத்தகையது என்பதை நீங்களே உணரலாம். இயந்திரத்தின் கண் மூடப்பட்டிருந்த அந்த இடத்தில் ஒரு மனிதக் கண் மட்டும் மூடவில்லை. அன்றிரவு பணியில் இருந்த தலைமைக் காவலர் ரேவதி என்ற பெண்மணி, இருவரும் விடிய விடிய அடிக்கப்பட்டதையும், தடிகளிலும் மேசையிலும் இரத்தக் கறை படிந்திருப்பதையும், அவை அழிக்கப்படுமுன் கைப்பற்றப்பட வேண்டும் என்பதையும் நடுவரிடம் எடுத்துரைத்தார். உடன் பணியாற்றுவோர் வெளியே சூழ்ந்து நின்றனர். அவர் அஞ்சினார், கையொப்பமிடத் தயங்கினார். அந்த அச்சம் இயல்பே. ஆயினும் இறுதியில் கையொப்பமிட்டார். அவருக்கும் அவர் குடும்பத்திற்கும் பாதுகாப்பு அளிக்குமாறு நீதிமன்றம் பணித்தது.

காவல் துறையினர் அனைவரையும் ஒரே தராசில் நிறுப்பது நீதியாகாது என்பதற்கு இப்பெண்மணியைவிடச் சான்று வேறு வேண்டுமோ? சீருடை அணிந்த ஒருவர் அடிக்கவும் கூடும். சீருடை அணிந்த இன்னொருவர் உண்மையைக் காக்கவும் கூடும். ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு உங்களை நீதியிலிருந்து பிறழச் செய்துவிட வேண்டாம் என்பது இறைமறையின் கட்டளையன்றோ? அக்கட்டளை காவலருக்குப் பொருந்துவதுபோல், காவலரைப் பற்றிப் பேசும் நமக்கும் பொருந்தும்.

ஜெயராஜும் பென்னிக்ஸும் கிறிஸ்தவர்கள். அஜித்குமார் இந்து. இவை நம்மவர் துயரங்கள் அல்லவே என்று எண்ணும் மனம் நம்முள் எவருக்கேனும் இருக்குமாயின், முஸ்லிம் ஷரீபில் பதிவாகியுள்ள ஒரு நிகழ்ச்சியை அவர்கள் சிந்திக்கட்டும்.

நபித்தோழர் ஹிஷாம் இப்னு ஹகீம் (ரலி) அவர்கள் ஷாம் நாட்டில் ஒரு வழியே சென்றுகொண்டிருந்தார்கள். குடியானவர் சிலர் கடும் வெயிலில் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தனர். அவர்கள் தலையில் எண்ணெய் ஊற்றப்பட்டிருந்தது. இது என்ன என்று வினவினார்கள். வரி செலுத்தாமையால் தண்டிக்கப்படுகின்றனர் என்று விடை வந்தது. அவர்கள் ‘நபத்தீ’ எனப்படும் உழவர்கள். நம் மார்க்கத்தைச் சேர்ந்தவர்கள் அல்லர். ஹிஷாம் (ரலி) அவர்கள், ‘நான் சாட்சி கூறுகிறேன்’ என்றே தம் பேச்சைத் தொடங்கினார்கள். இவ்வுலகில் மனிதர்களை வதைப்போரை அல்லாஹ் வதைப்பான் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அருளியதைத் தாம் செவியுற்றதாகக் கூறினார்கள். அத்துடன் நின்றார்களா? இல்லை. அப்பகுதியின் ஆளுநரான உமைர் இப்னு ஸஅத் அவர்களிடம் நேரில் சென்று அதனை எடுத்துரைத்தார்கள். ஆளுநர் உடனே அக்குடியானவர்களை விடுவிக்கச் செய்தார்.

இந்நிகழ்ச்சியில் நாம் உற்று நோக்க வேண்டியவை பல. வழிப்போக்கர் ஒருவர் நின்றார், கேட்டார், பிறகு, அதிகாரம் உள்ளவரின் வாயிலுக்கே சென்றார். வருத்தத்தை வீட்டுத் திண்ணையில் அமர்ந்து பேசித் தீர்த்துக்கொள்ளவில்லை. ஆளுநரும், என் ஆட்களைக் குறை கூற நீர் யார் என்று சினக்கவில்லை.

வரிக்காக வெயிலில் நிறுத்துதல் என்பது எங்கோ பாலைவன நாட்டுச் செய்தி என்று கருதிவிடாதீர்கள். இதே தமிழ் மண்ணில், கம்பெனியார் ஆட்சியில், நிலவரி நிலுவைக்காகக் குடியானவர்களை வெயிலில் நிறுத்தினர். விரல்களைக் கிட்டியில் வைத்து நெரித்தனர். கழுத்தையும் காலையும் பிணைத்து உடலை வளைத்துக் கட்டும் அண்ணாந்தாள் தண்டனையை நிறைவேற்றினர். இங்கிலாந்துப் பாராளுமன்றத்தில் இது குறித்துக் கேள்வி எழுந்த பின்னரே சென்னை மாகாணத்தில் ஒரு சித்திரவதை விசாரணைக் குழு அமைந்தது. எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் ஆகிய மூவரைக் கொண்ட அக்குழு, 1855ஆம் ஆண்டில் தன் அறிக்கையை அளித்தது. எளிய குடியானவர்கள் நெடுந்தொலைவிலிருந்து வந்து, தம்மை வதைத்த அதிகாரிகளின் பெயர்களைக் கூறிச் சென்றதனாலேயே அவ்வறிக்கை பிறந்தது. வரி தண்டும் வேலையையும் காவல் வேலையையும் ஒரே கையில் வைத்திருந்ததன் கேடு உணரப்பட்டு, 1859ஆம் ஆண்டுச் சட்டத்தால் சென்னை மாகாணக் காவல் துறை தனியே அமைக்கப்பட்டது. வதைப்பதை ஒழிக்கப் பிறந்த அமைப்பே இன்று அக்குற்றச்சாட்டுக்கு ஆளாகி நிற்பதை வரலாற்றின் விந்தை என்பதா, வேதனை என்பதா?

சட்டத்திலும் ஒரு பாடம் அன்றே பதிந்தது. காவலரிடம் அளிக்கப்படும் குற்ற ஒப்புதல் நீதிமன்றத்தில் சான்றாகாது என 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டம் விதித்தது. அண்மையில் சட்டத்தின் பெயர் மாறிய பின்னும் அவ்விதி மாறவில்லை. இமாம் அபூஹனீபா (ரஹ்) அவர்களின் மாணவரும், கலீபா ஹாரூன் அல்ரஷீதின் தலைமை நீதிபதியுமாகிய இமாம் அபூயூஸுப் (ரஹ்) அவர்கள், கலீபாவுக்கென எழுதிய ‘கிதாபுல் கராஜ்’ நூலில் இதனை ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்னரே வற்புறுத்தியிருக்கிறார்கள். சந்தேகத்தின் பேரில் பிடிபட்டவனை அடிப்பது கூடாது. அடிக்கு அஞ்சிக் கூறிய ஒப்புதல் செல்லாது என்பது அவர்கள் துணிபு. பட்டினி போட்டும் அச்சுறுத்தியும் அடைத்தும் வைத்தால் ஒரு மனிதன் தனக்கு எதிராகவே பேசிவிடுவான் என்ற ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்களின் கருத்தையும் அதற்குச் சான்றாக எடுத்துக் காட்டியுள்ளார்கள்.

இனி, நம் வீட்டு முற்றத்திற்கே வருவோம். ‘மாவுக்கட்டு’ என்னும் சொல் இன்று எதற்குப் பயன்படுகிறது என்பதை உங்கள் பிள்ளைகளே கூறுவர். பிடிபட்டவன் கழிப்பறையில் வழுக்கி விழுந்தான் என்பர். கையிலும் காலிலும் கட்டுடன் அவன் படம் வெளியாகும். அதைக் கண்டு ஊரே நகைக்கும். ‘நன்றாக வேண்டும்’ என்று கைப்பேசி கைப்பேசியாக அனுப்பி மகிழும். காவல் நிலையக் கழிப்பறைகளில் குற்றம் சாட்டப்பட்டவர்கள் மட்டும் வழுக்கி விழுவது எப்படி என்று உயர் நீதிமன்றமே 2025ஆம் ஆண்டில் வினவ நேர்ந்தது. அந்த நகைப்பில் நம் இல்லங்களுக்கும் பங்குண்டு என்பதைக் கூறாமல் இருப்பதற்கில்லை. ஜும்ஆ தொழுது வந்து, உணவருந்தியபடி அந்தப் படத்தைப் பார்த்துச் சிரிக்கிறோமே, அவன் திருடன்தான் என்று நமக்கு அறிவித்தது யார்? மடப்புரத்து இளைஞரும் முதல் நாளில் ‘நகைத் திருடன்’ என்றே அழைக்கப்பட்டார். உண்மையில் திருடியவனாகவே இருப்பினும், அவனுக்குரிய தண்டனையை வழங்குவது நீதிபதியின் அதிகாரமா, தடியின் அதிகாரமா? கொடியவனை அடிக்க நாம் தந்த இசைவு, கொடியவன் என்று சொல்லப்பட்டவனை அடிப்பதற்கும் இசைவாகிவிடுகிறது. சொல்வதும் அடிப்பதும் ஒரே கை.

இனி, ஒருவர் பிடித்துச் செல்லப்படும்போது குடும்பத்தார் அறிந்திருக்க வேண்டியவற்றைச் சுருக்கமாகக் கூறுவோம். டி.கே. பாசு வழக்கில் 1996ஆம் ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிகள் பின்னர்ச் சட்டத்திலும் இடம்பெற்றன. கைது செய்யும் காவலர் தம் பெயர் தெளிவாகத் தெரியுமாறு அணிந்திருத்தல் வேண்டும். கைதுக் குறிப்பு ஒன்றை எழுத வேண்டும். அக்குறிப்பில் குடும்பத்தார் ஒருவரோ, அப்பகுதியின் மரியாதைக்குரிய மனிதர் ஒருவரோ சாட்சிக் கையொப்பமிட வேண்டும். சட்டமே நம் தெருவில் ஒரு சாட்சியைத் தேடுகிறது, பார்த்தீர்களா! பள்ளிவாசல் நிர்வாகிகளும் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் கடை வைத்திருக்கும் பெரியவர்களும் உள்ள நம் தெருக்களில் அந்த ‘மரியாதைக்குரிய மனிதர்’ ஒருவர் கிட்டாமற் போவது நமக்குப் பெருமையாகுமா?

கைதான 24 மணி நேரத்திற்குள், பயண நேரம் நீங்கலாக, நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்பது அரசியல் சட்டத்தின் 22ஆம் பிரிவு. பெண்களையும், 15 வயதுக்குட்பட்ட சிறுவர்களையும், 60 வயது கடந்த ஆண்களையும் சாட்சி விசாரணைக்கெனக் காவல் நிலையத்திற்கு வரவழைத்தல் கூடாது. அவர்கள் வசிக்கும் இடத்திலேயே விசாரிக்க வேண்டும். நடுவர் முன் நிற்பவர், அடிபட்டிருந்தால் அதனை அங்கேயே வாய்விட்டுக் கூற வேண்டும். மருத்துவரிடமும் கூற வேண்டும். வாசலில் நிற்கும் உறவினர், எந்த நேரத்தில், எந்த வண்டியில், எவர் அழைத்துச் சென்றார் என்பதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். முன்னாளில், ஒருவரைச் சட்டத்திற்குப் புறம்பாக அடைத்து வைத்தால் குடும்பத்தார் தபால் நிலையத்திற்கு ஓடி, நீதிபதிக்கும் கலெக்டருக்கும் தந்தி கொடுப்பது வழக்கம். அந்தத் தந்தி, பின்னாளில் நாளும் நேரமும் காட்டும் சான்றாக நீதிமன்றத்தில் நிற்கும். தந்திச் சேவை 2013ஆம் ஆண்டில் முடிவுற்றது. மின்னஞ்சலும் விரைவுத் தபாலும் அவ்விடத்திற்கு வந்துள்ளன, செலவு சொற்பம். மாநில மனித உரிமை ஆணையத்திடம் முறையிடுவதாயின், நிகழ்ந்த ஓராண்டுக்குள் முறையிடல் வேண்டும். அழுது ஓய்ந்து, உறவினர் கூடிப் பேசி முடிவெடுப்பதற்குள் அந்த ஓராண்டு கழிந்துவிடுவதுண்டு. காவல் நிலையங்களில் கண்காணிப்புக் கருவிகள் இயங்க வேண்டும் என 2020ஆம் ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டுள்ளது. அப்பதிவைப் பாதுகாக்குமாறு முதல் நாளிலேயே எழுத்தில் கேட்பது நலம். சாத்தான்குளத்துக் கருவி நமக்கு அறிவித்த செய்தி அது.

இத்தனையும் செய்தும் நீதி தாமதிக்குமே என்பீர்கள். ஆம், தாமதிக்கும். மனிதரை வதைப்பதற்கு எதிரான உலக உடன்படிக்கையில் நம் நாடு 1997ஆம் ஆண்டில் கையொப்பமிட்டது. அதற்கெனச் சட்டமியற்றும் மசோதா 2010ஆம் ஆண்டில் மக்களவையில் நிறைவேறி, முழுமை பெறாமலே காலாவதியாயிற்று. மீரட் நகரின் ஹாஷிம்புராவில், 1987ஆம் ஆண்டு மே 22ஆம் நாள், ஆயுதக் காவல் படையினர் முஸ்லிம் இளைஞர்களையும் முதியவர்களையும் லாரியில் ஏற்றிச் சென்று கால்வாய்க் கரையில் சுட்டு வீழ்த்தினர். அதில் உயிர் தப்பிய சிலர் கூறியதைக் கேட்டு முதல் தகவல் அறிக்கை பதியச் செய்தவர், அன்றைய காஜியாபாத் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் விபூதி நாராயண் ராய். அவர் நம்மவர் அல்லர். சுட்டவர்கள் அணிந்த அதே காக்கியை அணிந்தவர். 2015ஆம் ஆண்டில் கீழ் நீதிமன்றம் அனைவரையும் விடுவித்தபோது, எல்லாம் முடிந்தது என்றே பலரும் எண்ணினர். உயிர் தப்பியவர்களும் மாண்டவர்களின் குடும்பத்தாரும் விடவில்லை. 2018ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் நாள் தில்லி உயர் நீதிமன்றம், குற்றம் சாட்டப்பட்ட 16 பேருக்கும் ஆயுள் தண்டனை விதித்தது. இடையில் கழிந்தவை 31 ஆண்டுகள்.

நம் மாநிலத்திலும் அதே 31 ஆண்டுகள் காத்திருந்தவர்கள் உண்டு. தருமபுரி மாவட்டத்து வாச்சாத்தி மலைக் கிராமத்தில், 1992ஆம் ஆண்டு ஜூன் 20ஆம் நாள், சந்தன மரக் கடத்தலைத் தேடுவதாகக் கூறி வனத்துறையினரும் காவலரும் வருவாய்த் துறையினரும் புகுந்து, பழங்குடி மக்களை அடித்து, வீடுகளைச் சூறையாடினர். 18 பெண்கள் மானபங்கம் செய்யப்பட்டனர். அவ்வாறு எதுவும் நிகழவில்லை என்றே முதலில் அதிகாரம் உரைத்தது. எழுதப் படிக்க அறியாத அம்மக்கள், மிரட்டலுக்கும் ஆசை வார்த்தைக்கும் இணங்காது, தாம் கண்டதையும் பட்டதையும் நீதிமன்றம் நீதிமன்றமாகக் கூறி வந்தனர். 2011ஆம் ஆண்டு செப்டம்பர் 29ஆம் நாள், குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிருடன் எஞ்சியிருந்த 215 பேரையும் தருமபுரி நீதிமன்றம் தண்டித்தது. சரியாகப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, அதே செப்டம்பர் 29இல், சென்னை உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதி செய்தது. அப்பெண்கள் ஒவ்வொருவருக்கும் 10 லட்சம் ரூபாய் வழங்கவும், அதில் பாதியைக் குற்றம் புரிந்தோரிடமே வசூலிக்கவும் ஆணையிட்டது. தீர்ப்பளிக்குமுன், 2023ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், நீதியரசர் பி. வேல்முருகன் அந்த ஊருக்கே நேரில் சென்றார். 31 ஆண்டுகளுக்கு முன் நடந்ததை அவ்வூர் மக்கள் அவரிடம் மீண்டும் ஒரு முறை எடுத்துரைத்தனர்.